தோலாகப் போனவள்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
டிஸா ஆற்றில் பனிப்பாளங்கள் இடித்துக்கொள்வது
ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடிவரை கேட்கிறது.
சேகெட் நகரம் முழுக்கத் தூங்குகிறது.
நான் ஈக்களுக்குச் சோளக்கஞ்சி கிண்டுகிறேன்.

இருபது லிட்டர். சர்க்கரைப்பாகு, ஈஸ்ட், அகர்.
அடிப்பிடித்தால் டெஷோ மூன்று நாள் முகம் கொடுக்கமாட்டான்.
பதினொரு வருடமாக இதுதான் உத்தியோகம்:
எள்ளுக்குச் சிறகு முளைத்தாற்போன்ற பிராணிகளுக்குச் சமையல்,
அவற்றின் முட்டைகளுக்குப் பிரசவம்.

திராட்சைச்சாற்றுத் தட்டிலிருந்து
தூரிகையால் முட்டைகளை வழித்தெடுத்து
ப்ளீச்சில் மேலோடு நீக்கி
கண்ணாடிச் சில்லில் படுக்கவைப்பேன்.
அரை மில்லிமீட்டர். நொய்யரிசிகூடப் பெரிசு.

முட்டையின் ஒரு முனையில்
தாய் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்: இங்கே தலை.
அந்தச் சொல் கரைந்து பின்னோக்கிப் பரவும்.
அடர்ந்த இடம் தலை, நீர்த்த இடம் மார்பு,
எட்டாத தூரம் வயிறு.
எழுத மறந்த தாய்களும் உண்டு,
நானூற்றுப் பன்னிரண்டாம் குப்பியில்.
அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை,
பறக்கிறார்கள், கூடுகிறார்கள், இடுகிறார்கள்.
பிள்ளைகளுக்குத்தான்
முன்னும் வால், பின்னும் வால்.

நான் சொல்லவந்தது அதுவல்ல.
இது நாலு மணி நேரம் கழித்து நடப்பது.
கருவின் வயிற்றோரம் ஒரே மாதிரி அணுக்கள்
ஐந்தாறு கூடி நிற்கும்.
எல்லோரும் நரம்பாகலாம். எல்லோருக்கும் தகுதி உண்டு.
பக்கத்தவளைத் தொட்டபடி
எல்லோரும் சொல்வது ஒன்றுதான்:
நீ வேண்டாம், நான்.

எல்லோரும் ஒரே குரலில்.
பிறகு யாரோ ஒருத்தி,
காரணம் என்று ஒன்றும் இல்லை,
இம்மியளவு உரக்கச் சொல்லிவிடுகிறாள்.
கேட்டவள் கொஞ்சம் தணிகிறாள்.
அவள் தணியத் தணிய இவள் குரல் ஏறுகிறது.
இவள் ஏற ஏற அவள்
தொண்டை கட்டிப்போகிறாள்.
ஒருத்தி உள்ளே இறங்கி நரம்பானாள்.
மற்றவர்கள் வெளியே நின்று தோல்.

நானும் எமொகேயும் ஒரே முட்டை.
அம்மாவே பெயர் மாற்றிக் கூப்பிடுவாள்.
அப்பாவுக்கு இடக்கை விழுந்துபோன மாதம்
கனடாவிலிருந்து மாமா
ஒரே ஒரு டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினார்.
காலைச் சாப்பாட்டு மேசை. பிளம் ஜாம்.
நான் போகிறேன், என்றாள் அவள்.
நானும் அதையே சொல்லியிருப்பேன்.
என் வாயில் அப்போது ரொட்டி இருந்தது.

கால்கரியில் வீடு விற்கிறாள்.
ஞாயிறுதோறும் கூப்பிட்டு
ஈக்கள் சௌக்கியமா என்பாள்.
அப்பாவைப் பன்னிரண்டு வருடம்
புரட்டிப் படுக்கவைத்தவை இந்தக் கைகள்.
படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை.
தாதி அதைத்தான் வியந்தாள்.

இன்றிரவுச் சில்லில் காது கேளாத கருக்கள்.
சொல்ல ஆளிருக்கிறது, வாங்கும் மரபணு பழுது.
யாரும் தணியவில்லை.
பழுப்புச் சாயம் நரம்பை மட்டும் பிடிக்கும்:
நல்ல கருவில் ஓர் ஏணி தெரியும்,
மெல்லிய இரண்டு கம்பம், குறுக்கே படிகள்.
இதில் ஏணி இல்லை.
வயிறெல்லாம் பழுப்பு.
எல்லோரும் நரம்பாகிவிட்டார்கள்,
போர்த்துவதற்கு ஒருத்தியும் மிச்சமில்லை.
பொரிக்காமலே முடிந்துவிடும் இவற்றின் கதை.
பதிவேட்டில் இதற்கு ஒரு சிறு பெருக்கல் குறி.

குறியைப் போட்டேன்.
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம்
என் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ப்ளீச் பட்டு வெளுத்த இடம், பழைய சூட்டுத் தழும்பு.
இதில் நியாயம் தேடுகிறேனா என்றால்
இல்லை. அணுவுக்கு வருத்தம் கிடையாது,
எனக்கு உண்டு.

கருகல் வாடை.
ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.
மேலாக உள்ளதை மட்டும் குப்பிகளில் ஊற்றினேன்,
டெஷோவுக்குத் தெரியத்தான் போகிறது.

நாளை ஞாயிறு.
அவள் கூப்பிடும்போது
வாயில் எதுவும் இருக்கக் கூடாது.